'போர்டை மாத்திருங்க' என்பது பதில் அல்ல

"அண்ணே, போர்டு போயிருச்சு. மாத்திருங்க." ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, அறந்தாங்கிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே இயக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிற விவசாயிகளுக்குப் பழகிப்போன பேச்சு இது. பெட்டிக்குள் டிஸ்ப்ளே வெறுமையாக நிற்கும். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு வந்துவிடும். கல்லூரி ஆய்வகங்களிலும் இதே தீர்ப்புதான், சொற்கள் மட்டும் வேறு. மாணவர் ஒருவர் செம்புத் தகட்டில் தடம் பதித்து, அரித்து, துளையிட்டு, ஈயம் வைத்து ஒரு போர்டு செய்து கொண்டுவருகிறார். சிப்பில் புரோகிராம் ஏறவில்லை. அல்லது ஏறியும் திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. "கையால செஞ்சா இப்படித்தான். ரெடிமேட் போர்டு வாங்கி ஒயரை மாட்டு" என்று அனுப்பிவிடுகிறார்கள். வேலை செய்யாத போர்டுக்குப் பின்னால் நேரத்தைச் செலவிடுவது வீண் என்ற கருத்து வயலிலும் வகுப்பிலும் ஒருசேர வேரூன்றிவிட்டது. இந்தக் கருத்து தவறு. புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கேடும்கூட.

அதை மறுக்கும் முன், அதைச் சொல்பவர்களின் நியாயத்தை முழுதாக வைத்துவிடுகிறேன். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். தொழிற்சாலையில் அச்சான போர்டு இன்று மலிவு. கையால் செய்ததைவிடத் தடங்கள் சீராக இருக்கும். ஒரு செமஸ்டருக்குள் மாணவர் புராஜெக்ட்டை முடித்தாக வேண்டும். தடம் எங்கே அறுந்தது என்று தேடிக்கொண்டிருந்தால் புரோகிராம் எழுத நேரம் இருக்காது. போர்டை அரிக்கும் பெர்ரிக் குளோரைடு தோலைக் கறையாக்கும், நிலத்தைக் கெடுக்கும். பழுது பார்ப்பவருக்கோ மூன்று மணி நேரம் குறை தேடினால் அதற்குக் கூலி கொடுக்க ஆள் இல்லை. நிறுவனங்கள் சிப்பிலுள்ள புரோகிராமைப் பூட்டியே விற்கின்றன. பயிர் காயும்போது விவசாயிக்குத் தேவை தண்ணீர். மின்னணுவியல் பாடம் இல்லை. இவை அத்தனையும் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவு இவற்றிலிருந்து பிறக்கவில்லை.

1. வெறும் திரை என்றால் செத்த போர்டு என்று யார் சொன்னது?

நம் ஊர்ப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும் திரை. அதை இயக்குவது ஹிட்டாச்சி உருவாக்கிய எச்டி44780 கட்டுப்பாட்டுச் சிப் அல்லது அதே கட்டளைகளை ஏற்கும் வேறொன்று. இந்தத் திரை தன் நோயைத் தானே சொல்லும். பின்விளக்கு எரிகிறது, எழுத்தும் இல்லை, கட்டமும் இல்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது 3-வது கால். எழுத்தின் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் கால் அது. 5 வோல்ட் திரையில் அங்கே சுமார் அரை வோல்ட் இருக்க வேண்டும். அந்தக் கால் எங்கும் இணையாமல் தொங்கினால் புரோகிராம் எவ்வளவு சரியாக ஓடினாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சிறு பிரீசெட் மின்தடையைத் திருகினால் தீர்கிற விஷயம் இது.

மேல்வரியில் மட்டும் கறுப்புக் கட்டங்கள் வரிசையாகத் தெரிந்து கீழ்வரி காலியாக இருந்தால், அது இன்னும் தெளிவான வாக்குமூலம். திரைக்கு மின்சாரம் சரி, அழுத்தமும் சரி; சிப்பிடமிருந்து தொடக்கக் கட்டளை மட்டும் வந்து சேரவில்லை. இப்போது தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிட்டது. 5-வது கால் தரையில் இணைந்திருக்கிறதா? எனேபிள் கம்பி ஒடிந்திருக்கிறதா? நான்கு டேட்டா கம்பிகளில் இரண்டு இடம் மாறியிருக்கின்றனவா? மின்சாரம் வந்ததும் திரை விழித்துக்கொள்ள 40 மில்லி விநாடியாவது விடச் சொல்கிறது தயாரிப்பாளரின் தரவுத்தாள். புரோகிராம் அதை விடுகிறதா? 1 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்து எழுதிய புரோகிராம் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் அந்த 40 மில்லி விநாடி இரண்டரையாகக் குறுகிவிடும். திரை கட்டளையைக் கேட்கும் நிலைக்கு வரும் முன்பே சிப் பேசி முடித்திருக்கும். திரையும் நல்லது, சிப்பும் நல்லது, போர்டும் நல்லது. தவறு புரோகிராமின் ஒரே ஒரு வரியில். போர்டை மாற்றச் சொன்னவர் இதில் எதைத் தீர்த்திருப்பார்? அதே புரோகிராமைப் புதிய போர்டில் ஏற்றினால் அதே கட்டங்கள்தான் மறுபடி வரும்.

2. புரோகிராம் ஏறவில்லை என்றால் சிப் எரிந்துவிட்டதா?

மிக அரிதாக. இங்கேதான் 'தூக்கிப்போடு' என்ற கருத்து அதிக சேதத்தை விளைவிக்கிறது. நல்ல சிப்புகள் குப்பைக்குப் போகின்றன. நம் பாடத்திட்டங்களில் இன்றும் நிலைத்திருக்கும் 8051 குடும்பத்திலிருந்தே தொடங்கலாம். ஏடி89எஸ்52 சிப்பில் 31-வது காலை 5 வோல்ட்டில் கட்டாவிட்டால், ஏற்றிய புரோகிராமை விட்டுவிட்டு வெளியே இல்லாத நினைவகத்தில் கட்டளையைத் தேடும். புரோகிராமர் 'வெற்றி' என்று காட்டும், போர்டு அசையாது. அதே சிப்பில் போர்ட் 0 என்ற கால்தொகுதியின் கால்களுக்குத் தாமாக மேல்நிலைக்கு இழுக்கும் வலு இல்லை. வெளியே 10 கிலோ ஓம் மின்தடைகள் போடாமல் அதில் திரையை இணைத்தால் திரை வெறுமையாகத்தான் நிற்கும்.

பிக் 16எஃப்877ஏ-வுக்கு வருவோம். அதில் 5 வோல்ட்டுக்கு இரண்டு கால்கள், தரைக்கு இரண்டு கால்கள். கையால் வரைந்த போர்டில் ஒரு ஜோடியை மட்டும் இணைத்துவிட்டு மற்றதை விடுவது சகஜம். பிறகு புரோகிராமர் 'சரிபார்ப்பில் பிழை' என்று திரும்பத் திரும்பச் சொல்லும். குறைந்த வோல்ட்டில் புரோகிராம் ஏற்றும் வசதியை அணைக்காமல் ஆர்பி3 காலைத் தொங்கவிட்டால், பக்கத்தில் கை போனாலே சிப் ஓட்டத்தை நிறுத்தும். சிப் உறைந்தால் மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக்கை அணைக்க மறந்தால் சில விநாடிக்கொரு முறை மறுபடி தொடக்கத்துக்கே போகும். திரை மின்னி மறையும். ஆர்ஏ4 கால் தானாக மேல்நிலை தராது. போர்ட் ஏ-யின் மற்றக் கால்கள் பெரும்பாலும் சிப் விழிக்கும்போது அனலாக்காக இருக்கும். அடிகான்1 பதிவேட்டைத் திருத்தாவிட்டால் அவற்றில் வைத்த பொத்தானைச் சிப் படிக்காது.

ஏவிஆர் வகையில் இன்னும் விசேஷம். கடையிலிருந்து வரும் புதிய ஏடிமெகா328பி 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். புரோகிராமரின் வேகம் அதில் நாலில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தாக வேண்டும். வேகத்தைக் குறைக்காமல் முயன்றால் 'சிப்பின் அடையாளம் பொருந்தவில்லை' என்று செய்தி வரும். மாணவர் சிப் போச்சு என்பார். சிப்பின் அமைப்பைத் தீர்மானிக்கும் ஃபியூஸ் பிட்டைக் கிரிஸ்டலுக்கு மாற்றிவிட்டுப் போர்டில் கிரிஸ்டலே வைக்காவிட்டால் சிப் பிணம்போல் கிடக்கும். வெளியிலிருந்து ஒரு கடிகாரத் துடிப்பைக் கொடுத்தால் எழுந்துவிடும். ஏடிமெகா32-இல் திரையைப் போர்ட் சி-யில் இணைத்துவிட்டு நாள்கணக்கில் தவித்தவர்கள் ஏராளம். குறை தேட உதவும் ஜேடாக் வசதி தொழிற்சாலையிலேயே இயங்கும் நிலையில் வருவதால் அந்தப் போர்ட்டின் 2 முதல் 5 வரையிலான கால்கள் புரோகிராமின் சொல்லைக் கேட்காது. ஒரு ஃபியூஸை மாற்றினால் போதும். இத்தனை நோய்களில் ஒன்றிலாவது சிப் எரிந்திருக்கிறதா? இல்லை. ஆனால் 'சிப் போச்சு' என்ற சொல் இவை அத்தனைக்கும் சொல்லப்படுகிறது.

3. ரெடிமேட் போர்டு குறையை ஒழிக்கிறதா, ஒளிக்கிறதா?

2005-இல் இத்தாலியின் இவ்ரேயாவில் ஆர்டுயினோ பிறந்தது, மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் சிப்பைப் பயன்படுத்தட்டும் என்பதற்காக. அந்த நோக்கம் அருமையானது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் மின்னணுவியலையே படிப்பாக எடுத்த டிப்ளமோ மாணவருக்கும் அதுவே முடிவாக இருக்கலாமா? அந்தப் போர்டில் மின் சீராக்கி உண்டு, கிரிஸ்டல் உண்டு, ரீசெட் காலுக்கு மின்தடை உண்டு, சிப்புக்கு அருகில் 100 நானோ பாரட் மின்தேக்கி உண்டு, புரோகிராமை ஏற்றும் பூட்லோடரும் உண்டு. எல்லாமே யாரோ யோசித்து வைத்தவை. அவற்றுக்கு அங்கே என்ன வேலை என்பது, அவை இல்லாத போர்டைச் செய்து அவதிப்பட்டவருக்குத்தான் தெரியும்.

அந்த அறிவு எங்கே தேவைப்படும்? கீரமங்கலத்து மோட்டார் கொட்டகையில். மொபைல் ஸ்டார்ட்டரில் இருக்கும் ஜிஎஸ்எம் மாட்யூல் சிக்னலுக்காகப் பேசும் கணத்தில் சுமார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தக் கணத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டியது அருகிலுள்ள பெரிய மின்தேக்கி. தகரப் பெட்டிக்குள் கோடைக்குக் கோடை வெந்து அது வறண்டுவிட்டால் வோல்ட் சரியும், சிப் மறுதொடக்கம் ஆகும், திரை வெறுமையாகும். பழுது ஒரு மின்தேக்கியில். விலை சில ரூபாய். அல்லது காண்டாக்டர் விடுபடும் நொடியில் ஏற்படும் மின் எழுச்சி திரையின் கட்டளைகளைக் கலைத்துவிட்டிருக்கும். சிப் ஓடிக்கொண்டே இருக்கும், மோட்டாரும் ஓடும், திரை மட்டும் கிறுக்கலாகவோ வெறுமையாகவோ நிற்கும். அல்லது 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் தரும் 7805, வெப்பத் தகடு இல்லாததால் சூடேறித் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கும். மல்டிமீட்டரை வைத்து 5 வோல்ட் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. தன் போர்டில் இதே குறையை ஒரு முறை தேடிக் கண்டுபிடித்தவர் மீட்டரை எங்கே வைப்பதென்று யோசிக்க மாட்டார். மாட்யூலில் ஒயர் மாட்டி மட்டுமே பழகியவருக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியாது. அதனால்தான் "போர்டு போயிருச்சு" என்கிறார். மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. அவருக்குக் கற்றுக் கொடுக்காத கல்விமுறையைச் சொல்கிறேன்.

4. மாற்றுவது மலிவு என்றால், யாருக்கு?

விற்பவருக்கு. விவசாயிக்கு அல்ல. புதிய போர்டின் விலை செலவில் ஒரு பகுதிதான். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊர் இது. மின்சாரம் ராத்திரியில் வந்தால் கொட்டகைக்கு நடந்து போகாமல் வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடத்தான் மொபைல் ஸ்டார்ட்டரே வந்தது. திருச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ மாற்றுப் போர்டு வரும்வரை அவர் மறுபடி இருட்டில் வரப்பில் நடக்கிறார். அதே மாடல் போர்டு நின்றுபோயிருந்தால் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும்.

சிப்பிலுள்ள புரோகிராம் பூட்டியிருப்பதால் பழுதுபார்க்க முடியாது என்ற வாதத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். பூட்டு, புரோகிராமைப் படிக்கத்தான் தடை. மின்தேக்கியை மாற்றவோ, ஒடிந்த ஈயத்தை மறுபடி வைக்கவோ, திரையின் கம்பியைச் சரிசெய்யவோ எந்தப் பூட்டும் தடையில்லை. சிப்பே போனது என்று உறுதியாகிவிட்டால்? மும்முனையில் ஒரு முனை விட்டுப்போனால் மோட்டாரை நிறுத்து, கிணற்றில் தண்ணீர் இறங்கினால் நிறுத்து, மின்சாரம் வந்ததும் சற்றுப் பொறுத்துத் தொடங்கு. ஒரு ஸ்டார்ட்டரின் அடிப்படை வேலை இவ்வளவுதான். இதை ஒரு டிப்ளமோ மாணவர் எழுத முடியும். 415 வோல்ட் தொடும் பகுதியை மட்டும் அனுபவமுள்ளவர் மேற்பார்வையில்லாமல் தொடக் கூடாது. அதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

பழுதுபார்க்கும் உரிமை வெறும் ஆசையாகவும் நின்றுவிடவில்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு இந்த உரிமைக்காக எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. உரிமை காகிதத்தில் வந்தாலும், பழுது பார்க்கத் தெரிந்த கை ஊரில் இல்லாவிட்டால் அந்த உரிமையை யார் பயன்படுத்துவது?

5. ரசாயனம் பற்றிய கவலையை முழுமனதோடு ஏற்கிறேன். பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றுவது குற்றம். அதில் செம்பு கரைந்திருக்கிறது. கல்லூரி ஆய்வகமே சேகரித்து, நடுநிலையாக்கி, முறைப்படி அகற்றட்டும். ஆனால் ஒரு கரைசலைக் கையாளத் தெரியவில்லை என்பதற்காக ஒரு திறனையே கைவிடுவது எப்படிச் சரியாகும்? தவிர, தடம் பதிப்பதை வெளியூர்த் தொழிற்சாலையிடம் கொடுத்தாலும் எனக்கு மறுப்பில்லை. சுற்றை மாணவர் தானே வரையட்டும். கால்களுக்கு ஈயம் தானே வைக்கட்டும். வேலை செய்யாதபோது காரணத்தைத் தானே தேடட்டும். என் வழக்கு இந்த மூன்றாவதற்காகத்தான்.

6. "நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு? கோடிங் படிச்சா வேலை கிடைக்கும்" என்கிறார்களே?

இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற வாதம். இதே மாவட்டத்தில் இதே குரலை ஒரு முறை கேட்டிருக்கிறோம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் புதுக்கோட்டையில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். கல் உடைக்கும் பெண்களுக்கும் விவசாயக் கூலிப் பெண்களுக்கும் சைக்கிள் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்தையே நிறைத்தார்கள். லட்சம் பெண்கள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதினார். கருவி நமக்கானதல்ல என்று அந்தப் பெண்களுக்குச் சொன்னது பொய். அதையே அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் வேறு கருவியைக் காட்டிச் சொல்கிறோம்.

வேலை என்ற கணக்கிலும் இந்த வாதம் நிற்காது. 2023-24-இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 956 கோடி டாலர். அடுத்த ஆண்டு 1,465 கோடி டாலர். குறைகடத்தித் துறைக்கு மத்திய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. இந்தத் தொழிற்சாலைகளில் வரிசையில் நின்று பொருத்தும் வேலையைத் தாண்டி ஏற வேண்டுமானால், சோதனையில் தோற்ற போர்டைக் கையில் எடுத்து ஏன் தோற்றது என்று சொல்லத் தெரிய வேண்டும். கோடிங் மட்டும் தெரிந்தவரால் அதைச் சொல்ல முடியாது. மீட்டரும் தரவுத்தாளும் கோடிங்கும் மூன்றும் தெரிந்தவரால்தான் முடியும்.

7. கடைசியாக, நேரம் இல்லை என்ற வாதம். செமஸ்டரில் நேரம் போதாது என்று ரெடிமேடுக்கு அனுப்பியதன் விளைவு என்ன? நகரத்துக்கு நகரம் புராஜெக்ட் சென்டர்கள். பணம் கட்டினால் போர்டு, புரோகிராம், அறிக்கை எல்லாம் பெட்டியில் வரும். வைவா அன்று திரை வெறுமையானால் மாணவர் செய்யக்கூடியது அந்தக் கடைக்குப் போன் அடிப்பது மட்டும். நாலாண்டுப் படிப்பின் முடிவில் தன் பெயர் போட்ட பெட்டியைத் திறக்கப் பயப்படுகிற பொறியாளரை உருவாக்கிவிட்டு, நேரத்தை மிச்சப்படுத்தினோம் என்று சொல்வது எந்தக் கணக்கில் சேர்த்தி? குறை தேடும் நேரம்தான் படிப்பு. புராஜெக்ட் வேலை செய்த நேரத்தில் மாணவர் புதிதாக ஒன்றும் கற்பதில்லை. அது வேலை செய்யாத நேரத்தில்தான் 3-வது காலை, ஃபியூஸை, தரவுத்தாளின் ஒரு மூலையில் இருந்த 40 மில்லி விநாடியைக் கற்கிறார்.

ஆகவே புதுக்கோட்டை மாவட்டத்துப் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆசிரியர்களிடம் என் கோரிக்கை இது. புராஜெக்ட் வைவாவில் போர்டு வேலை செய்வதற்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். வேலை செய்யும் போர்டிலிருந்து ஒரு கம்பியை, ஒரு மின்தடையை, புரோகிராமில் ஒரு வரியை எடுத்துவிட்டு, கையில் மல்டிமீட்டரைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டுபிடித்தவிதத்துக்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள். அறிவிப்பை முதல் நாளே செய்துவிடுங்கள். கடையில் வாங்கிய பெட்டியோடு யாரும் வர மாட்டார்கள். திரை வெறுமையாக இருக்கிற போர்டோடு வந்த மாணவரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். உட்காரவைத்து, 3-வது காலில் எத்தனை வோல்ட் இருக்கிறதென்று கேளுங்கள்.